விரைவுச்சாலையில் தினமும் 100 கி.மீ.: பயன்படுத்திய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

புது டெல்லி: ஒரு நகரில் வீடு, மற்றொரு நகரில் வேலை என்னும் வாழ்க்கை முறை விரைவுச்சாலைகளின் வரவால் நாட்டின் பல பகுதிகளில் பரவியுள்ளது. 2002-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச்சாலை இதற்கு முதலில் வழிவகுத்தது. கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச்சாலை 2012-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 2021-ல் டெல்லி–மீரட் விரைவுச்சாலையும், 2023-ல் பெங்களூரு–மைசூரு அணுகல் கட்டுப்பாட்டு நெடுஞ்சாலையும் அந்த வரிசையில் சேர்ந்தன. பிந்தைய இரு சாலைகளின் முதன்மைப் பாதைகளில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எனவே நாள்தோறும் சென்று திரும்புவோர் பேருந்து அல்லது ரயிலை நம்ப வேண்டும். அல்லது சொந்தமாகக் கார் வைத்திருக்க வேண்டும்.

ஒரு வழிக்கு 50 கி.மீ. என்று கொண்டால், ஆண்டுக்கு 250 வேலை நாட்களில் கார் 25,000 கி.மீ. ஓடும். சாதாரணக் குடும்பக் கார் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளில் ஓடும் தூரம் இது. இந்த அளவுக்குத் தேயப்போகும் வாகனத்துக்குப் புதிய காரின் விலையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் பயன்படுத்திய கார் சந்தைக்கு வருகின்றனர். ஆனால் அந்தச் சந்தை நகருக்குள் ஓட்டுபவரை மனதில் கொண்டே இயங்குகிறது. கூரைக் கண்ணாடி, பெரிய தொடுதிரை, பளபளப்பான சக்கரங்கள், குறைந்த கிலோமீட்டர் ஆகியவையே அங்கு முன்னிறுத்தப்படுகின்றன. விரைவுச்சாலையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு இவற்றில் பெரும்பாலானவை பயன் தருவதில்லை. குறைந்த கிலோமீட்டர் என்பது சில வேளைகளில் எதிரான அடையாளமாகக்கூட அமைந்துவிடுகிறது.

சோர்வுதான் அளவுகோல்

நெடுந்தூரப் பயணத்தில் வசதி என்பது ஆடம்பரத்தைக் குறிப்பதன்று. மாலையில் வேலை முடிந்து, இருட்டில், கனரக லாரிகளுக்கு நடுவே 50 கி.மீ. ஓட்டி வரும் ஒருவர் எவ்வளவு சோர்வுடன் வீடு சேர்கிறார் என்பதே அதன் அளவு. வளைவுகளும் சிக்னல்களும் இல்லாத நேர்ச்சாலையில் சோர்வு எளிதில் கண்ணயர்வாக மாறும். ஆகவே வசதியைப் பாதுகாப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

முதலில் இருக்கை. காரை வாங்கச் செல்வோர் பெரும்பாலும் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்து முடிவு செய்துவிடுகின்றனர். மென்மையான இருக்கை அந்த ஐந்து நிமிடத்தில் இதமாகத் தோன்றும். நாற்பது நிமிடத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்கும். தொடையின் பெரும்பகுதி இருக்கையில் படிகிறதா, கீழ் முதுகுக்கு முட்டு கிடைக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். இருக்கையின் உயரத்தை மாற்றும் வசதி அவசியம். ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டுமின்றி முன்னும் பின்னும் நகர்ந்தால், உயரமானவரும் குள்ளமானவரும் தோள் வலியின்றி ஓட்ட முடியும். கிளட்ச் மிதிக்கு இடப்புறம் கால் வைத்துக்கொள்ளத் தட்டையான மேடை உள்ளதா என்பதும் கவனிக்கத்தக்கது. சிறிய விஷயமாகத் தோன்றினாலும், கியர் மாற்றத் தேவையில்லாத சாலையில் இடக்காலுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அடுத்தது என்ஜினின் சுழற்சி. ஐந்து கியர்கள் கொண்ட சிறிய பெட்ரோல் கார்களில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுழலும். ஆறு கியர்கள் கொண்ட 1.5 லிட்டர் டீசல் காரில் அது 2,000-ஐ ஒட்டியே இருக்கும். இந்த வேறுபாடு காதுக்கும் பாதத்துக்கும் இடைவிடாது எட்டிக்கொண்டிருக்கும். சோதனை ஓட்டத்தின்போது டேக்கோமீட்டரைப் பார்த்தாலே இதைத் தெரிந்துகொள்ளலாம். வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் குரூஸ் கண்ட்ரோல், காலியான சாலையில் வலக்காலுக்கு ஓய்வு தரும். ஆனால் லாரிகள் தடம் மாறிக்கொண்டே இருக்கும் மும்பை–புனே போன்ற பாதையில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தும் வாய்ப்பு குறைவு. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

நீளமான காருக்குள்ள நன்மை

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரமான வீல்பேஸ் அதிகமாக இருந்தால், கார் சாலை மேடுபள்ளங்களில் முன்பின்னாகக் குலுங்குவது குறையும். வேகத்தில் நேராகச் செல்லும் உறுதியும் கூடும். மாருதி வேகன்-ஆர் காரின் வீல்பேஸ் 2,435 மி.மீ. ஹோண்டா சிட்டியில் இது 2,600 மி.மீ., மாருதி சியாஸில் 2,650 மி.மீ., டொயோட்டா கொரோலா ஆல்டிஸில் 2,700 மி.மீ., இன்னோவா கிரிஸ்டாவில் 2,750 மி.மீ.

உயரமான எஸ்.யு.வி. வகைகளின் மீதான மோகத்தால் செடான் கார்களுக்கான தேவை குறைந்துள்ளது. இது பயன்படுத்திய கார் வாங்குபவருக்குச் சாதகமான நிலை. தாழ்வாக அமைந்த செடான், பக்கவாட்டுக் காற்றிலும் தடம் மாறும்போதும் குறைவாகவே அசையும். ஒரே அளவு என்ஜினில் எரிபொருளும் குறைவாகச் செலவாகும். ஐந்து ஆண்டு பழைய, நன்கு பராமரிக்கப்பட்ட நடுத்தர செடான், பெரும்பாலும் அதே தொகைக்குக் கிடைக்கும் புதிய சிறிய காரைவிட விரைவுச்சாலைக்குப் பொருத்தமானது. சியாஸ் போன்ற உற்பத்தி நிறுத்தப்பட்ட கார்களைப் பொறுத்தவரை, இயந்திர உதிரிபாகங்கள் பெரிய சிக்கலின்றிக் கிடைக்கும். விளக்கு, பம்பர் போன்ற உடற்பகுதிகளின் விலையையும் இருப்பையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. முட்டி வலி உள்ளவர்களுக்கும், வயதான பெற்றோரை அடிக்கடி அழைத்துச் செல்வோருக்கும் தாழ்வான இருக்கை ஒத்துவராது. அவர்களுக்கு உயரமான காரே ஏற்றது.

டீசலா, பெட்ரோலா?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்ற முழு எண் கணக்கில் பார்க்கலாம். லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் கார் 25,000 கி.மீ. ஓட ஆண்டுக்கு ஏறத்தாழ 1.56 லட்சம் ரூபாய் செலவாகும். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் டீசல் காருக்கு 1.12 லட்சம் ரூபாய் போதும். ஆண்டுக்கு 44,000 ரூபாய் அளவுக்கு மிச்சம். இவ்வளவு தூரம் ஓட்டுவோருக்கு டீசல் இன்னும் பொருளுள்ள தேர்வே.

எனினும் டெல்லியிலும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025-ல் இவ்விதியின் அமலாக்கம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்ததால், வாங்கும் நாளில் நிலவும் விதியைப் போக்குவரத்துத் துறையிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மீரட், காசியாபாத், நொய்டா, குருகிராம் ஆகியவையும் இவ்வட்டாரத்துக்குள் அடங்கும். ஆறு ஆண்டு பழைய டீசல் காரை அங்கு வாங்குவோர், நான்கு ஆண்டுகளுக்கான பயன்பாட்டையே வாங்குகிறோம் என்று கணக்கிட்டு விலை பேசுவது பாதுகாப்பானது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரித் துகள்களைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உள்ளது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, கார் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். ஆகவே விரைவுச்சாலைப் பயணம் அதற்கு உகந்தது. முந்தைய உரிமையாளர் குறுகிய நகரப் பயணங்களுக்கு மட்டுமே பயன்படுத்திய டீசல் காரில் இவ்வடிகட்டி அடைபட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதை மாற்றும் செலவு அதிகம்.

பெட்ரோல் கார் வாங்குவோர், 20 சதவீத எத்தனால் கலந்த எரிபொருளுக்கு அது ஏற்றதா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல கார்கள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றில் மைலேஜ் சிறிதளவு குறையும். எரிபொருள் செலவு மிகக் குறைவது சி.என்.ஜி. காரில்தான். ஆனால் டிக்கி இடம் பெரும்பாலும் போய்விடும். உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தப் பரிசோதனைக்கு உட்படுத்திய சான்றும், பதிவுச் சான்றில் சி.என்.ஜி. குறித்த பதிவும் இல்லாத காரைத் தவிர்த்துவிடலாம்.

கிலோமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

ஐந்து ஆண்டுகளில் 90,000 கி.மீ. ஓடிய காரைக் கண்டதும் பலர் விலகிச் செல்கின்றனர். அந்தத் தூரத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடியதாக இருந்தால், பெங்களூரு நெரிசலில் 45,000 கி.மீ. ஊர்ந்த காரைவிட அதன் கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் ஆகியவை நல்ல நிலையில் இருக்கக்கூடும். என்ஜின் இயங்கிய மணிநேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். சில வேளைகளில் நகரக் காருக்கே அது கூடுதல். எண்ணெய் மாற்றிய நாட்களும் கிலோமீட்டர்களும் தொடர்ச்சியாகப் பதிவான சர்வீஸ் ஏடு, மீட்டரில் தெரியும் எண்ணைவிட அதிக மதிப்புடையது.

மீட்டர் எண்ணைக் குறைத்துக் காட்டும் மோசடி இன்னும் ஒழியவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையங்கள், பதிவு எண்ணைக் கொண்டு பழைய வருகைகளின் விவரத்தை உரிமையாளருக்கு வழங்குகின்றன. விற்பவரை உடன் அழைத்துச் சென்று அதைப் பெறலாம். மீட்டர் 40,000 என்று காட்டும்போது பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலோ, ஸ்டீயரிங் உறை பளபளத்திருந்தாலோ, ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற விளிம்பு நைந்திருந்தாலோ அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை.

மழைவெள்ளத்தில் மூழ்கிய கார்கள் வேறு மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்படுவதும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தால் வண்டல் கறை தென்படும். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கும். இருக்கை உறைகளைப் புதிதாக மாற்றுபவர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

டயரும் கான்கிரீட் சாலையும்

மும்பை–புனே, யமுனா விரைவுச்சாலைகள் கான்கிரீட்டால் ஆனவை. கோடையில் தொடர் வேகத்தில் டயர் கடுமையாகச் சூடேறும். காற்றழுத்தம் குறைந்த அல்லது வயதான டயர் வெடிக்கும் அபாயம் அப்போது கூடுகிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றால் அது 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். பட்டன் ஆழம் போதுமானதாக இருந்தாலும், ஆறு ஆண்டுகளை நெருங்கிய டயரை விரைவுச்சாலைக்கு நம்புவது கூடாது. நான்கு டயர்களையும் மாற்றும் செலவைக் காரின் விலையிலிருந்து கழித்தே பேச்சைத் தொடங்கலாம். உதிரி டயரையும் பார்க்க வேண்டும். ஒருமுறைகூட இறக்கப்படாத அதுவும் காலத்தால் முதிர்ந்திருக்கும். சாலை இரைச்சல் டயருக்கு டயர் மாறுபடுவதால், இரைச்சலான காரில் குறை காரில் இல்லாமல் டயரிலும் இருக்கலாம்.

தயாரிப்பு ஆண்டின் முக்கியத்துவம்

பாதுகாப்பு அம்சங்களைப் பொறுத்தவரை ஓரிரு ஆண்டு வேறுபாடுகூடப் பெரிதாகும். அனைத்துப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை, வேக எச்சரிக்கை ஒலி, சீட் பெல்ட் நினைவூட்டி ஆகியவை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. முன்பக்கப் பயணிக்கான காற்றுப்பை அதற்குப் பின்னரே, 2021-ல் வந்தது. இதற்கு முந்தைய கார்களில் ஒரே மாடலின் அடிப்படை வகையில் இவை இல்லாமலும், உயர் வகையில் இருந்தும் வரும். எனவே மாடலின் பெயரைக் கேட்டால் மட்டும் போதாது; வகையின் பெயரையும், தயாரிப்பு மாதத்தையும் பதிவுச் சான்றில் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் 2014 முதலும், பாரத் என்கேப் 2023 டிசம்பர் முதலும் இந்தியக் கார்களின் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டு வருகின்றன. நட்சத்திர மதிப்பீடு சோதனைக்கு உட்பட்ட வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். அதே பெயருடைய பழைய தலைமுறைக் காருக்குப் பொருந்தாது.

சோதனை ஓட்டம்

விற்பனையகத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பது இவ்வகைப் பயன்பாட்டுக்குச் சோதனையே ஆகாது. குறைந்தது அரை மணி நேரம், அதில் பாதியாவது அனுமதிக்கப்பட்ட 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். யமுனா விரைவுச்சாலையில் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ.; மூடுபனிக் காலத்தில் 75 கி.மீ.

என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையே ஏற்ற நேரம். முன்கூட்டியே சூடேற்றி வைக்கப்பட்ட என்ஜின், குளிர்நிலையில் எழும் ஒலிகளை மறைத்துவிடும். 80 கி.மீ. வேகத்தைக் கடந்ததும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் சக்கரச் சமநிலையோ டயரோ காரணமாக இருக்கலாம். பிரேக் அழுத்தும்போது மட்டும் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். வளைவில் கூடிக் குறையும் ரீங்காரம் வீல் பேரிங்கைச் சுட்டும். உயர் கியரில் முடுக்கும்போது என்ஜின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. இவற்றுள் முதலாவது சில நூறு ரூபாயில் தீரக்கூடியது. கடைசியானது சில ஆயிரங்களைக் கேட்கும். எல்லாக் குறையும் காரை நிராகரிக்கக் காரணமாகாது. ஆனால் கைகளைத் தளர்த்தியதும் ஒரு பக்கமாக இழுத்து, அலைன்மென்ட் செய்த பின்னும் அது நீடித்தால், விபத்தில் அடிச்சட்டம் வளைந்திருக்கக்கூடும். அத்தகைய காரை எவ்விலைக்கும் வாங்கக் கூடாது.

காப்பீட்டு ஆவணமும் ஒரு சாட்சி. இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிமையாளருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ், ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை உயரும். விபத்தே இல்லை என்று சொல்லப்படும் ஐந்து ஆண்டு காரின் ஆவணத்தில் அது சுழியமாக இருந்தால், விளக்கம் கேட்க வேண்டும். அந்தச் சலுகை விற்பவருடனேயே சென்றுவிடும், காருடன் வராது.

பெயர் மாற்றமே இறுதிப் படி

பணம் கைமாறி, சாவி கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவோர் மிகப் பலர். பதிவேட்டில் பெயர் மாறாத வரை சட்டத்தின் பார்வையில் பழைய உரிமையாளரே உரிமையாளர். பல கைகள் மாறியும் பதிவில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்த ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வாங்குபவருக்கும் இழப்பு உண்டு. காப்பீடு தன் பெயருக்கு மாறாத நிலையில் கார் சேதமடைந்தால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு நீடித்தாலும், சொந்தக் காரின் பழுதுக்கான இழப்பீடு மறுக்கப்படலாம்.

படிவம் 29-ம் படிவம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு உரியவை. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கார் கடனில் வாங்கப்பட்டிருந்தால் வங்கியின் சான்றுடன் படிவம் 35 தேவை. வேறு மாநிலக் கார் என்றால் படிவம் 28-ன் கீழ் தடையின்மைச் சான்று பெற வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் புதிய மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய பதிவு எண்ணும் அங்குள்ள சாலை வரியும் கட்டாயம். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் கார்களில், மிச்சமாகத் தோன்றும் தொகையின் கணிசமான பகுதி இந்த வரியில் கரைந்துவிடும்.

முகவரிடம் வாங்குவோர், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி அவர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேட்கலாம். வரியைப் பொறுத்தவரை, வணிகர் விற்கும் பயன்படுத்திய காருக்கு அவரது லாபத் தொகையின் மீது மட்டுமே 18 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது, தனிநபர் தமது காரை விற்கும்போது இவ்வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார்களின் வரி குறைந்ததையும் விலைபேசும்போது நினைவில் கொள்ளலாம். அதற்கு முந்தைய புதுக்கார் விலையை அடிப்படையாக வைத்து எவரேனும் கணக்குச் சொன்னால், அது பழைய கணக்கு.

சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேகும் காரின் பதிவு எண்ணுடன் பிணைந்தது. விற்பவர் தமது டேகை மூடிய பின்னரே புதியவர் தம் பெயரில் பெற இயலும். 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் 200 பயணங்கள் அல்லது ஓராண்டு செல்லுபடியாகும் பாஸ் கிடைக்கிறது; அறிமுகத்தின்போது அதன் விலை 3,000 ரூபாயாக இருந்தது. ஒரு சுங்கச்சாவடியை நாள்தோறும் இருமுறை கடப்பவருக்கு அது 100 வேலை நாட்களில் தீர்ந்துவிடும். பின்னர் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். மாநில அமைப்புகளின் பொறுப்பில் உள்ள மும்பை–புனே, யமுனா விரைவுச்சாலைகளில் இந்தப் பாஸ் செல்லாது. அங்கு கட்டணத்தைத் தனியே செலுத்த வேண்டியிருக்கும்.